கற்பூரம் காட்டிய வாசக்கால்

1973

மார்ச் 4, ஞாயிறு

இடித்து மரம் விற்க வாங்கிய வாலாஜாபாத் அரிசி மில்லின் கூரையை இறக்கியாயிற்று. பாதி மரம் கரையான். வாங்குமுன் தட்டிப் பார்த்தவன் நானேதான், யாரைத் திட்டுவது?

திரும்பும்போது வெள்ளைக்காரம்மா ஆஸ்பத்திரி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கோபு சார் பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரியை மூடுகிறார்களாம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த உதவி நின்றுபோயிற்றாம். அறுபது வருஷம் பிரசவம் பார்த்த இடம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தனையும் பர்மா தேக்கு.

வெட்கமாக இல்லையா என்றால், அப்போது இல்லை.

மார்ச் 12, திங்கள்

ஆஸ்பத்திரியை இடிக்கும் குத்தகை எனக்கே. மே 31க்குள் தரைமட்டமாக்கி ஒப்படைக்க வேண்டும். நிலத்தை வேறொருவர் வாங்கிவிட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. மகள் செங்கமலம் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழாம் மாதம். தலைப்பிள்ளை மாமியார் ஊரில் செத்தே பிறந்தது. இந்த முறை வெள்ளைக்காரம்மா ஆஸ்பத்திரி, ரத்னா நர்ஸ் கை, வேறு பேச்சே இல்லை என்று என் வீட்டுக்காரி பாஞ்சாலி முடிவு செய்து ஆறு மாதமாகிறது. எப்படிச் சொல்வது?

மார்ச் 15

பாஞ்சாலிக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஊர்ல வூடே இல்லியாய்யா? உன் பொண்ணு பெத்துக்கப் போற எடம்தான் கெடச்சுதா இடிக்க?"

மூடுவது நானில்லை, நான் எடுக்காவிட்டால் காஞ்சிபுரத்துக்காரன் எடுப்பான் என்றேன். எடுக்கட்டுமே, அவனுக்கு அங்கே பெண் இல்லை என்றாள்.

மார்ச் 25, ஞாயிறு

ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பார்த்தேன். ரத்னா நர்ஸ் சாவிக்கொத்தோடு கூடவே வந்தாள். அந்த அம்மாளுக்கு ஐம்பது இருக்கும். இருபத்தாறு வருஷ வேலை.

இரும்புக் கட்டில்கள் நாற்பது. தலைமாட்டில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து வார்த்திருக்கிறது. அது சீமையில் ஒரு ஊர்ப் பெயராம். அந்த ஊரில் ஒரு பழைய ஆஸ்பத்திரியை மூடியபோது அதன் கட்டில்களை இங்கே கப்பலேற்றினார்களாம். சீமைக்குத் திரும்பிப் போய்விட்ட பெரிய சிஸ்டர் போன மாதம் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த ஊரில் மிச்சமிருந்த பழைய ஆஸ்பத்திரிகளையும் ஒவ்வொன்றாக மூடுகிறார்களாம், ஊருக்கு வெளியே எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரிதாக ஒன்று எழும்புகிறதாம்.

"அங்க மூடுனா இன்னொண்ணு கட்றாங்க, அண்ணே. இங்க மூடுனா?" என்றாள் ரத்னா.

கட்டில் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

ஏப்ரல் 2, திங்கள்

முந்தாநாளோடு மூடியாயிற்று. டாக்டரம்மா வேலூர் பக்கம் போய்விட்டார்.

இன்று மேஸ்திரி அண்ணாதுரை ஆட்களோடு வந்தான். மேற்குக் கோடியில் இருக்கும் காய்ச்சல் வார்டிலிருந்து தொடங்கு, பிரசவ வார்டு கடைசி என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "நல்ல தேக்கெல்லாம் பிரசவ வார்டுலதானே கீது மொதலாளி? யாராவது எலயில பாயசத்த உட்டுட்டு உப்ப நக்குவாங்களா?" லாரி நிறுத்த நிழல் வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன். அவன் நம்பவில்லை.

ரத்னாவிடமும் குவார்ட்டர்ஸை விட்டு இப்போது போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செங்கமலத்துக்கு நாள் ஜூன் முதல் வாரம். அவள் கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும், நான் கொஞ்சம் பிந்திக்கொள்ள வேண்டும். இப்படியெல்லாமா கணக்குப் போடுவான் ஒருவன்?

ஏப்ரல் 14, சனி

வருஷப் பிறப்பு. மூடினது தெரியாமல் ஒரகடம் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு பெண்ணை வலியோடு கொண்டுவந்துவிட்டார்கள். ரத்னா என்னைக் கேட்கவில்லை. பூட்டைத் திறந்தாள். செங்கல் தூசி வராமல் ஜன்னல்களில் ஈரப் புடவை கட்டினாள். கடப்பாரையைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். ஆண் குழந்தை.

ஏப்ரல் 23

இன்றோடு நாலு பிரசவம். ரத்னா இங்கேயே இருப்பது ஊராருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

மே 8, செவ்வாய்

கோபு சார் வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"டாக்டர் இல்லே, லைசென்ஸ் இல்லே. நாளைக்கு ஒரு உசிர் போச்சுன்னா பொறுப்புன்னு யார் பேரை எழுதறது, தசரதன்? என் பேரா, உங்க பேரா?"

அவர் சொன்னது நியாயம். அதனால்தான் எரிச்சல் வந்தது.

மே 14, திங்கள்

எழுதிவிடுகிறேன். பிரசவ வார்டுக் கூரையை இறக்கச் சொல்லிவிட்டேன். பாதி கோபு சார் மூட்டிய பயம். மீதி, மதராசில் தேக்குக்கு ஆள் நிற்கிறான், இந்த வாரமே வேண்டும் என்கிறான். செங்கமலத்தைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோக ஜூன் ஒன்றாம் தேதிக்கு டாக்சி சொல்லியாயிற்று. எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். பின்னே ஏன் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை?

இடிக்குமுன் தலைவாசக்காலுக்குக் கற்பூரம் காட்டுவது எங்கள் ஆட்கள் வழக்கம். காட்டின பிறகு அது செத்த வீடு. அந்த வாசல் வழியாக யாரும் நுழைய மாட்டார்கள், சுவரை உடைத்துத்தான் போவார்கள். இன்று அண்ணாதுரை காட்டினான். ரத்னா தூரத்தில் நின்று பார்த்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மே 17, வியாழன்

நேற்று எழுதவில்லை.

நேற்று மத்தியானம் சாப்பாட்டு வேளைக்குச் செங்கமலத்துக்கு வலி கண்டுவிட்டது. இருபது நாள் முன்னாலேயே. டாக்சி கல்யாண சவாரி போயிருந்தது. என் லாரி? அது காலையில்தான் மதராசுக்குக் கிளம்பியது — அந்த வார்டுக் கூரையை ஏற்றிக்கொண்டு. நானே கயிறு இழுத்துக் கட்டி அனுப்பினேன். ஐயோ, என் கையாலேயே.

காஞ்சிபுரம் போகிற வரை தாங்காது என்று பாஞ்சாலி சொல்லிவிட்டாள். ரத்னா அங்கேதானே இருக்கிறாள் என்று வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் குவார்ட்டர்ஸில் ஒருவர் படுக்கத்தான் இடம்; பிரசவ வார்டில் நாலு சுவரும் வானமும்தான் இருந்தது. வாசலில் பாஞ்சாலி நின்றுவிட்டாள். தரையில் கற்பூரக் கரி தெரிந்தது. "இதுக்குள்ள எப்படி என் புள்ளய இட்டுகினு போவேன்?" என்று என்னிடம்தான் கேட்டாள். சுவரில் ஓட்டை போட்டுக் கொண்டுபோவோமா என்று பார்த்தேன். நேரமில்லை.

அண்ணாதுரைதான் சொன்னான். "கற்பூரம் காட்டுனா செத்த வூடு. மஞ்ச பூசுனா புது வூடு. நான்தான காட்னேன், நானே சொல்றேன். பூசும்மா." ரத்னா குவார்ட்டர்ஸிலிருந்து மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்தாள். பாஞ்சாலி இரண்டு கையாலும் அந்த மரத்தில் மேலிருந்து கீழ் வரை தேய்த்தாள். பிறகு மகளை உள்ளே கூட்டிப் போனாள்.

மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மரக்குவியலை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்து வந்து நானும் ஆட்களும் நாலு சுவர் மேலும் ஏறிப் பிடித்தோம். முகத்தை வெளிப்புறம் திருப்பிக்கொண்டோம். மழை கொட்டியது. நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தொங்க, உள்ளேயிருந்து ரத்னா மூங்கிலால் தள்ளிவிடுவது கையில் தெரிந்தது. மழைச் சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை. செங்கமலம் கத்துகிறாளா, குழந்தை அழுகிறதா, எதுவுமே. தேக்கு எந்த ஊரைத் தாண்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. நான் என்ன பிறவி?

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே போயிருந்த அண்ணாதுரை என் காலைத் தொட்டான்.

"எறங்கு மொதலாளி. பொண்ணு. அழுவுது, உனக்குத்தான் கேக்கல."

மே 31

இடத்தை ஒப்படைத்தேன். வாசக்காலை மட்டும் கடைசியில் எடுத்தோம். மஞ்சள் போகவில்லை.

ஜூன் 20

இடித்த இடத்துக்கு நேற்று ஒரு வண்டி வந்ததாம். வலியோடு ஒரு பெண்ணாம். வெறும் தரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்களாம். எந்த ஊர், எங்கே போனார்கள், யாருக்கும் தெரியவில்லை. நாலு பேரை விசாரித்துவிட்டேன்.

ஜூன் 21

இன்னும் இரண்டு பேரை விசாரித்தேன்.

ஜூலை 9, திங்கள்

கோபு சார் வீட்டுக்குப் போனேன். என் கிடங்கில் பிரசவம் பார்க்க லைசென்ஸ் கேட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். வாரம் ஒரு நாள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். பொறுப்பு என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் பெயரை எழுதச் சொன்னேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிறு

என் கிடங்கில் ஆறு கட்டில் போட்டாயிற்று. சீமை எழுத்துப் போட்ட அதே கட்டில்கள். அந்த மஞ்சள் வாசக்காலை அண்ணாதுரை கிடங்கு வாசலில் நிறுத்தினான். ரத்னா கூலி பேசவில்லை, சாவியைத்தான் முதலில் கேட்டாள்.

மரமெல்லாம் வெளியே திறந்த வெளியில் கிடக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடலாமா என்று அண்ணாதுரை கேட்டான். தார்ப்பாயை ரத்னா உள்ளே மடித்து வைத்திருக்கிறாள், கொடுக்க மாட்டாள். மேற்கே கருத்திருக்கிறது. உள்ளே தண்டலத்துப் பெண் ஒருத்தி, வலியோடு.

தேக்குதானே. நனைந்தால் ஒன்றும் ஆகாது.