நீ வெட்டிவிட்ட கண்ணி

பாகான் டத்தோ

அன்பு மகன் மிதுலனுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் லண்டன் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுவாய், அதனால்தான் தபாலில் அனுப்புகிறேன். உன் தங்கை சுபாஜினி ஈப்போவில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாள், அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப் போலத்தான், இங்கே விடாத மழை.

கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் உன் உத்தியோகத்தில் நீ போட்ட திட்டத்தை ஒரு பெரிய கம்பெனி அப்படியே ஏற்றுக்கொண்டதாகப் போனில் சொன்னாயே, அந்தச் சந்தோஷத்தில் மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை உபயம் எடுத்து ஊருக்கே சாப்பாடு போட்டேன். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. பழனியப்பன் பாயசத்தை இன்னொரு தடவை வாங்கிக் குடித்துவிட்டு, ஐயா மகன் நல்லா வரணும் என்று வாயார வாழ்த்தினான். அவனுக்கு நாலு ஏக்கர் செம்பனை, அந்த வருமானத்தில்தான் மகளைப் படிக்க வைக்கிறான். அடுத்த வாரமே நம் பனையெண்ணெய் ஆலைக்காரர்கள் சிறுதோட்டக்காரர்களை எல்லாம் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, சுவரில் ஒரு படம் காட்டினார்கள். தோட்டம், லோரி, ஆலை, துறைமுகம், வெளிநாட்டு வியாபாரி என்று சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருந்தது, நாங்கள் செம்பனைக் குலை கொண்டுபோய் இறக்கும் நிலையத்தின் மேல் மட்டும் சிவப்பில் பெருக்கல் குறி. இனிமேல் பெரிய எஸ்டேட்டுக் குலை மட்டும் போதுமாம். படத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் உன் பெயர், கூடவே என் பெயர். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை, என் கெட்ட நேரம், நான் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தேன்.

உன் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. எந்தக் குலை யார் தோட்டத்தில் வெட்டியது என்று ஐரோப்பாக்காரன் கேட்கிறான், அதற்கு ஆதாரம் காட்டினால் கூடுதல் விலை, மற்ற ஆலைகளை முந்திவிடலாம். ஒவ்வொரு சிறுதோட்டக்காரனையும் தேடிப்போய்ப் பதிவுசெய்வதைவிட அவனைக் கழற்றிவிடுவது மலிவு. சபாஷ்! ஆனால் வெள்ளம் வந்த வருஷம் எஸ்டேட்டுக்குள் லோரி இறங்க முடியாமல் மற்ற ஆலையெல்லாம் மூடிக்கிடந்தபோது இந்த ஆலை ஓடியது யார் குலையில்? பழனியப்பனும் ஆட்களும் மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த குலையில். அது அந்தக் கம்பெனியின் பலம் இல்லையா, அதை உன் படத்தில் எந்தக் கட்டத்துக்குள் போட்டாய்? நம் குலையும் அந்த நிலையத்தில்தான் இறங்கியது, உன்னைப் படிக்க வைத்ததும் அந்தக் குலைதான். ஊர்ப் பெயரைக்கூடப் பார்க்காமல் குறி போட்டாயா, பார்த்துவிட்டுத்தான் போட்டாயா? எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிலையத்தை மூடிவிட்டார்கள். அடுத்த ஆலை தூரம், சின்னச் சுமைக்கு லோரிக்காரன் வரமாட்டேன் என்கிறான், வெட்டிய குலை வாசலிலேயே கிடந்து அழுகுகிறது. ஐயா ஜில்லா ஆபீசில் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் தெரிந்தவர் என்று கம்பெனிக்கு ஆட்சேபம் எழுதச் சொல்லி எல்லாரும் முந்தாநாள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் படம் போட்ட மடையனை நல்லா நாலு கேள்வி கேட்டு எழுதுங்க ஐயா என்றான் பழனியப்பன். அம்மா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். எனக்கு மறைக்க மனம் வரவில்லை, அவன் என் மகன்தான் என்று சொல்லிவிட்டேன். பழனியப்பன்தான், அப்படின்னா கம்பெனிக்கு எதுக்கு, உங்க மகனுக்கே எழுதுங்க லா, போட்டவன்தான் அழிக்கணும் என்று சொல்லிவிட்டு எழுந்தான். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் சொன்னபடி எழுதிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு, வெளியே போகும்போது காதை மூடிக்கொள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். ஒன்றை மறக்காதே, இதற்குப் பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். பழனியப்பன் பேருக்கு அனுப்பு, தமிழில் எழுது, அவனே படித்துக்கொள்வான்.

இப்படிக்கு,
உன் அப்பா
விஸ்வலிங்கம்