துவக்குப் பங்கு

மச்சான்,

போன புதன்கிழமை உன் வீட்டில் சாக்கை அவிழ்த்ததும் அந்த வாசம் முகத்தில் வந்து அடித்தது. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், இரண்டுக்கும் அடியில் புளித்த ஒட்டுப்பால். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கோட்டில் காய்ந்து கிடக்குமே, அதை உரித்து உருட்டினால் வரும் அதே நாற்றம். தங்கச்சி துவக்கை மேசையில் வைத்தாள். உன் சவப்பெட்டியை வைத்திருந்த மேசைதான்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து உன் மகன் குமார் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டான். பொலிஸில் கிடந்த துவக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டைக்குப் போவதாகச் சொன்னான். புதிதாக ஒரு ஒட்டுப்பால் துண்டை வெட்டி, துவக்கில் சுத்திபோல விழுந்து அடிக்கும் குதிரைக்கு அடியில் செருகி வைத்திருந்தான். “அப்பா மாதிரியே செஞ்சிருக்கேன் மாமா” என்றான். முப்பத்திரண்டு வயது ஆள், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், அதைச் சின்னப் பையனைப் போலப் பெருமையாகச் சொன்னான்.

உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. செத்த மனிதன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் படுவேன்.

அந்த ஒற்றைக்குழல் துவக்கு உன் அப்பாவுடையது. குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. உள்ளே பல் தேய்ந்து போயிருந்தது. நடக்கும்போது கொஞ்சம் தட்டுப்பட்டாலும் விழுந்து வெடித்துவிடும். டவுனில் சரிபண்ண ஆள் இருந்தான். நீ கொடுக்கவில்லை. அதில் ஒரு ஆணியை மாற்றினாலும் அது அப்பாவின் துவக்கு இல்லை என்று சொல்லிவிட்டாய். அதற்குப் பதில், குதிரைக்கும் தோட்டாவைத் தட்டும் ஊசிக்கும் நடுவில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒட்டுப்பாலைச் செருகினாய். பன்றி தெரிந்ததும் அந்த ரப்பர்த் துண்டைப் பல்லால் கடித்து இழுப்பாய், கடித்தபடியே சுடுவாய். புளத்கொகுபிட்டியப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்து ஆளைத் தவிர வேறு எவனுக்கு இந்தப் புத்தி வரும்?

பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் துவக்கைக் கேட்டேன். எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறேன், அன்றுதான் கொடுத்தாய். “ரப்பர மறந்துறாதடா” என்று ஒரு தடவை சொன்னாய். பிறகு நீயும் பக்கத்துக் கிராமத்துச் சோமபாலவும் நாய்களை விட்டுக்கொண்டு பழைய ரப்பர் மலைச் சரிவில் இறங்கினீர்கள். நான் மேலே பாறைக்குப் பக்கத்தில் நின்றேன்.

பன்றி என் பக்கம் வரவில்லை. நாய்கள் அதைச் சுற்றிவிட்டன. டைகரின் வயிற்றை அது ஒரே கீறலில் திறந்துவிட்டது. குடல் இழுபட இழுபட அந்த நாய் விடாமல் பன்றியின் காதைக் கவ்விக்கொண்டு கிடந்தது. அதை உதறிவிட்டுப் பன்றி திரும்பியது. நான் சரிவில் ஓடி இறங்கியபோது நீ மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் கால் வழுக்கி விழுந்திருந்தாய். எனக்கும் பன்றிக்கும் பத்தடிகூட இல்லை. குறி நேராக இருந்தது. குதிரையை இழுத்தேன், விசையை அழுத்தினேன். டப் என்று ஒரு சத்தம், மெத்தையில் குத்தினாற்போல. அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன், அழுத்தினேன். அதே டப்.

அதற்குள் அது உன் தொடையில் கொம்புப் பல்லை ஏற்றி முழங்கால்வரை கிழித்துவிட்டது. மச்சான், மனிதனுக்குள் அவ்வளவு வெள்ளையாக ஒன்று இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீ கத்தவில்லை, மூச்சுத்தான் வந்தது. நான் துவக்கைத் திருப்பிக் குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையால் அடித்தேன். மண்டையில், கண்ணில், மூஞ்சியில். கட்டை வெடித்தது, அடித்தேன். சோமபால கத்தியை அதன் முன்னங்காலுக்குப் பின்னால் இறக்கித் திருகினான். பன்றி உன்மேல் சாய்ந்தது. நான் நிறுத்தவில்லை. “இவரை மல்லி, இவரை” என்று சோமபால என் கையைப் பிடித்தான், முடிந்துவிட்டது தம்பி என்று சிங்களத்தில். என் முகமெல்லாம் இரத்தம், அதில் எது பன்றியுடையது எது உன்னுடையது என்று தெரியவில்லை.

இடுப்பிலிருந்த சாரத்தைக் கிழித்து உன் தொடையைக் கட்டும்போது “கடிக்க ஏதாச்சும் குடுடா” என்றாய். கைக்குக் கிடைத்ததை எடுத்து உன் வாயில் வைத்தேன். வைத்த பிறகுதான் அது என்ன என்று பார்த்தேன். அடித்த அடியில் குதிரைக்கு அடியிலிருந்து உருவி விழுந்த ஒட்டுப்பால். நீயும் பார்த்தாய். என் கண்ணையே பார்த்துக்கொண்டு அதைக் கடித்தாய். நான் முடிச்சை இறுக்கினேன்.

லொறி வந்தது, தோட்டத்துச் சனமெல்லாம் கூடிவிட்டது. துவக்கு ஏன் வெடிக்கவில்லை என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன் நீ அந்தத் துண்டைத் துப்பிவிட்டு, “தோட்டா நமுத்துப் போச்சுங்க” என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயைத்தான் பத்தொன்பது வருஷமாக மூடி வைத்திருந்தேன்.

நம் ஆட்களுக்கு வேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. இறைச்சியை ஆளுக்கொரு பங்கு பிரிக்கும்போது நாய்க்கு ஒரு பங்கு, துவக்குக்கு ஒரு பங்கு. துவக்குப் பங்கு அதன் சொந்தக்காரனுக்குப் போகும். சோமபால உன் பங்கோடு அதையும் உன் வீட்டுக்குக் கொண்டுபோக, நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே சொல்லி அனுப்பினாய்: “துவக்குப் பங்கு அவனுக்குக் குடுங்க. அன்னைக்குத் துவக்கு வெடிக்கல, அவன்தான் வெடிச்சான்.” அந்தப் பேச்சு தோட்டமெல்லாம் பரவியது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்து, செப்புக் கம்பி சுற்றிய கட்டையைத் தடவிக் காட்டி, என் உயிர் இந்த வெடிப்புக்குள்ளதான் இருக்குது என்று கதை சொல்வாய். சனம் என்னைத் திரும்பிப் பார்க்கும். எனக்குக் கழுத்துவரை சூடேறும்.

ஒரே ஒரு தடவை, உன் வீட்டு வாசலில், அந்த ரப்பரைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். நீ கையை நீட்டித் தடுத்தாய். “கால்தான் போச்சு. கதையாச்சும் நல்லா இருக்கட்டும்டா” என்றாய். அதோடு விட்டேன். அதற்குப் பிறகும் நம் ஆட்கள் அந்தத் துவக்கோடு காட்டுக்குப் போன ஒவ்வொரு தடவையும் பங்கு என் வீட்டுக்கு வந்தது. என் மனைவி மிளகு போட்டு வறுப்பாள். நான் தின்றேன், மச்சான். எப்படித் தின்றேன் என்று கேட்காதே.

அதனால்தான் புதன்கிழமை குமாரின் கையில் அந்தப் புது ரப்பர்த் துண்டைப் பார்த்ததும் உன்மேல் அவ்வளவு கோபம். உன் அழகான கதையோடு அந்தத் தேய்ந்த பல்லையும் சேர்த்து அவன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு சாமானை அவ்வளவு நேசிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை இன்னொருத்தன் கானுக்குள் விழுவான், குமார் கைக்கும் அவசரத்தில் ரப்பர் மறந்துபோகும் என்றுதான் பயந்தேன்.

சட்டைப் பையிலிருந்து பழைய துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அன்று நீ துப்பியதை லொறிக்குப் பக்கத்தில் குனிந்து பொறுக்கினேனே, அது. கறுத்துக் கல்லாகிவிட்டது. ஒரு பக்கம் குதிரை விழுந்த குழி, மறு பக்கம் உன் பல். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தோட்டா நமுக்கவில்லை, நான்தான் இதை எடுக்க மறந்தேன், உன் கால் என்னால் போனது என்று.

குமார் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தான். பிறகு சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து இன்னொன்று. உதடு கிழிந்து வாயெல்லாம் உப்பாக இருந்தது. நான் கையைத் தூக்கவில்லை. தங்கச்சி நடுவில் வரவில்லை, அழவும் இல்லை. “அடிச்சிட்டல்ல, போதும்” என்றாள். “இப்ப அந்தத் துவக்கக் கொண்டுபோய்ச் சரிபண்ணிட்டு வா.” எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தாள், வாயைக் கொப்பளிக்க. அவளுக்கு நீ சொல்லியிருந்தாயா என்று நான் கேட்கவில்லை.

அவன் சரிபண்ணிவிட்டான். டவுனில் கொடுத்துக் குதிரையும் உள்ளே இருக்கும் பல்லும் புதிதாகப் போட்டிருக்கிறானாம், சோமபால வந்து சொன்னான். உன் அப்பாவின் துவக்கு இனி உன் அப்பாவின் துவக்கு இல்லை. கோபித்துக்கொள்வாயென்றால் கோபித்துக்கொள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி இருக்கும், பழைய ரப்பர் மலைப்பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று, சுத்தமாக. நான் வாசலில் வெந்த மரவள்ளிக் கிழங்கோடு நின்றுகொண்டிருந்தேன், தட்டு கைநழுவி விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் சிரித்துக்கொண்டு ரோட்டில் இறங்கி வரும் சத்தமும் கேட்டது. எல்லோரும் நடந்துதான் வந்தார்கள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. துவக்குப் பங்கு வரவில்லை. என் மனைவி இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். இனி வராது என்று சொன்னேன். வெறும் பருப்போடு வயிறு நிறையச் சாப்பிட்டேன், மச்சான், பிறகு உட்கார்ந்து அழுதேன். உதடு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. துண்டை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன். குதிரை விழுந்த பக்கம் வெளியே, உன் பல் பட்ட பக்கம் என் நெஞ்சோடு.