ஜாக் என்று கையெழுத்துப் போட்டவனுக்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1931 ஜூன் 14, ஞாயிறு, மாலை ஆறரை மணி
இந்த மாதம் உன்னிடமிருந்து வந்த கடிதம்: இரண்டு

சிரஞ்சீவி பழனியப்பனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் தங்கை புஷ்பவல்லியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. சுகம் விசாரிப்பது இத்தோடு முடிந்தது. மேலே நான் எழுதியிருக்கும் பெயரை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள். அது உன் பெயர். உன் இரண்டு கடிதத்திலும் அடியில் இருந்தது வேறு யாருடைய பெயரோ. முதல் கடிதத்தில் "இப்படிக்கு, ஜாக்" என்று பார்த்தபோது பிள்ளை விளையாடுகிறான் என்று மடித்து வைத்துவிட்டேன், உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நேற்று வந்ததிலும் அதே ஜாக். பேனாவை இழுத்து அடியில் ஒரு சுழி வேறு. துரைக்குப் பழனியப்பன் என்பது வாயில் நுழையவில்லை, அவரே இந்தப் பெயரை வைத்தார், ஆபீசில் எல்லோரும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். எங்கள் ரயில் பட்டறைத் துரை என்னைப் பதினைந்து வருஷமாக "ராமி" என்கிறான். கூப்பிட்டுவிட்டுப் போகிறான், அது அவன் வாய். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் ராமி வந்திருக்கிறேன் என்று சொன்னதுண்டா? ஆபீசில் கூப்பிடுவது துரையின் நாக்கு. வீட்டுக்கு எழுதுவது உன் கை. அதை யார் பிடித்து முறுக்கினார்கள்?

இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்காமல் நான் குறை சொல்கிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். இந்தப் பெயரையும் பிரித்துப் பார்த்தேன். ஸ்டேஷன் ஆபீசில் இருக்கிற யாழ்ப்பாணத்துக் கிளார்க் கார்த்திகேசுவிடம் நேற்றே போய், இந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் என்னென்ன அர்த்தம், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். சீட்டுக்கட்டில் ராஜாவுக்கும் ராணிக்கும் கீழே நிற்கிற சேவகன் ஜாக். கப்பலில் வேலை செய்கிறவன் எவனானாலும் ஜாக். வெள்ளைக்காரர் கொடிக்கும் அதுதான் பெயராம். எல்லாத் தொழிலிலும் கை வைத்து எதிலும் தேறாதவனும் ஜாக். கிளப்புப் புல்தரையில் வெள்ளைக்காரர் உருட்டுகிற சின்ன வெள்ளைப் பந்து ஒரு ஜாக், மற்றப் பந்தெல்லாம் அதைக் குறிவைத்துத்தான் வருமாம். இதோடு முடிந்ததா என்றேன். "இன்னும் கிடக்குது காணும், ஆண் கழுதையையும் அப்பிடித்தான் சொல்லுறது. பேர் கேட்க மினக்கெடாத துரைமார் தெருவில போறவனையும் அப்பிடித்தான் கூப்பிடுவினம். ஏன், ஆருக்கு இந்தப் பேர்?" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். பேர் கேட்க மினக்கெடாதவன் போட்ட பேர், அதுதான் உனக்குக் கிடைத்தது. அதை நீ பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிகிறாய்.

இதோடு போயிருந்தால் திட்டி நாலு வரி எழுதி விட்டிருப்பேன். இன்று மத்தியானம் நல்லம்மாள் அத்தை கிள்ளானிலிருந்து வந்தாள். அவளை நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறேன், நீ அத்தை என்கிறாய், எந்த வழியில் உறவு என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இரத்த உறவு ஒன்றும் கிடையாது. நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், மழை நாள், தடம் புரண்ட சரக்கு வண்டியைத் தூக்கப் போயிருந்தோம். வண்டிக்குக் கீழே நான். மண் ஊறி இறங்கி, வண்டியைத் தூக்கிப் பிடித்திருந்த ஜாக்கி சாய்ந்தது. என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவன் வெளியே வரவில்லை. அவன் பெயர்தான் உன் பெயர். அவன் பெண்டாட்டி நல்லம்மாள், அப்போது அவள் கப்பலிறங்கி வருஷம்கூட ஆகவில்லை. உனக்குப் பெயர் வைத்த அன்று அவளைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். தாலியறுத்தவள் முன்னால் நிற்கலாமா என்று லைன் வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம் என்றேன். சிலர் போனார்கள்.

புருஷன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள், இன்றுவரை சொன்னதில்லை. அதனால்தான் நீ பேசத் தொடங்கிய நாள் முதல், வரும்போதெல்லாம் உன்னை மடியில் இழுத்துவைத்து "ஒம் பேரு என்னடா தம்பி?" என்று கேட்பாள். நீ சொல்வாய். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள். நீ எரிச்சல்பட்டு "பழனியப்பன்! எத்தன வாட்டி கேப்பே?" என்று கத்துவாய், அவள் சிரிப்பாள். அத்தைக்குக் காது மந்தம் என்று நீ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அவள் காதுக்கு ஒரு கேடும் இல்லையடா மடையா. நீ சிங்கப்பூர் போனபின் உன் கடிதத்தைப் படிக்கச் சொல்லி இங்கே வருகிறாள். உன் சாப்பாடு, சம்பளம், மழை எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் "அடியில என்ன போட்டிருக்கு அண்ணே?" என்பாள். அதற்குத்தான் கிள்ளான் ரயிலேறி வருவது.

இன்றும் கேட்டாள். இருப்பதை இருக்கிறபடி படிக்கிறவன் நான், ஜாக் என்று படித்தேன். "ஆரு அது, கூடத் தங்கியிருக்கிற பையனா?" என்றாள். புஷ்பவல்லி முந்திக்கொண்டு, "அண்ணன்தான் அத்தை, பேர மாத்திக்கிட்டான், நானும் ரோஸ்னு வெச்சுக்கப் போறேன்" என்றாள். உன் அம்மா அவள் தலையில் ஒன்று போட்டாள். நல்லம்மாள் கடிதத்தை வாங்கி அடியில் இருந்த சுழியை விரலால் தடவினாள். பிறகு "வண்டி தூக்குற அந்தச் சாமான் பேரா அண்ணே?" என்றாள். இல்லை, இது வேறு என்று கார்த்திகேசு சொன்னதையெல்லாம் விளக்க வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "தொரைமாரு வெச்ச பேரு, நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வழக்கத்துக்கு முந்தின ரயிலுக்கே புறப்பட்டாள். வாசலில் நின்றுதான் தான் வந்த சங்கதியைச் சொன்னாள். ரப்பர் விலை விழுந்து அவள் வேலை பார்க்கிற தோட்டத்தில் ஆள் குறைக்கிறார்கள். அவளுக்கும் ஊருக்கு டிக்கட் கொடுத்தாகிவிட்டது. 27ந் தேதி சனிக்கிழமை மத்தியானம் போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல். இனி அவள் திரும்பி வரப்போவதில்லை.

வேறு விசேஷம்: அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பட்டறையில் வாரத்துக்கு ஒரு நாள் வேலை குறைத்திருக்கிறார்கள், அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நனைந்த சப்பாத்துக் காலோடு ஆபீசில் உட்காராதே, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. 27ந் தேதி சனிக்கிழமை மட்டும் வேண்டாம். வெள்ளி இரவு மெயிலில் ஏறினால் காலையில் இங்கே இறங்கலாம் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். துரை லீவு கொடுக்காவிட்டால் எனக்கு எழுது, அவருக்கு நான் எழுதுகிறேன், என் இங்கிலீஷ் மோசமானாலும் அவருக்குப் புரியும். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, சிங்கப்பூர் வந்து உன் காதைத் திருகத் தெம்பிருக்கிறது. பத்துமலையான் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும். இனி நான் செய்யப்போவது:

1. ஜாக் என்பவன் எழுதுகிற கடிதத்தை உடைக்காமல், இந்த வீட்டில் அப்படி ஒருவரைத் தெரியாது என்று மேலே எழுதித் திருப்பி அனுப்புவேன்.

2. 26ந் தேதி கிள்ளானுக்குப் போய் நல்லம்மாளை நம் வீட்டுக்கு அழைத்துவந்து அன்றிரவு இங்கேயே சாப்பிட வைப்பேன். வரமாட்டேன் என்பாள். அவள் பெட்டியை முதலில் தூக்கிவிடுவேன்.

3. மறுநாள் காலை மெயில் வரும் நேரத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பேன். யாருக்காக என்று சொல்ல மாட்டேன்.

4. நீ இறங்கினால் நான் பேசமாட்டேன், தள்ளி நிற்பேன். அவள் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்பாள். எத்தனை வாட்டி கேட்டாலும் பதில் சொல்.

5. நீ இறங்காவிட்டால், கப்பல் நகரும்போது துறையில் நின்று அந்தப் பெயரை நானே உரக்கக் கூப்பிடுவேன். யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அவள் காதில் விழும்.

இப்படிக்கு, உன் அப்பன்
இராமலிங்கம்