விற்பனைக்கு எடுத்த படங்கள்

அன்புள்ளவளுக்கு,

எல்லார் கையிலும் போன் வந்தபின் உனக்குக் கல்யாணப் படமெடுக்கும் வேலைகள் குறைந்தன. "கேமராவைத் தூக்கிப் பரண்ல போடு" என்றேன். நீயோ வீட்டுத் தரகர்களுக்காக விற்பனை வீடுகளைப் படமெடுத்து நிமிர்ந்துவிட்டாய்.

நாம் பிரிவதென்றும், நம் வீட்டை விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வதென்றும் முடிவானதும், அதையும் நீயே படமெடுக்க வந்தாய். சமையலறை ஜன்னலில் வெயில் விழ ஒரு மணி நேரம் காத்திருந்தாய்.

இன்று அந்தப் படங்களைப் பார்த்து ஒரு தம்பதி வந்தார்கள். "இங்க இருந்தவங்க ரொம்ப சந்தோஷமா இருந்திருப்பாங்க, இல்ல சார்?" என்றாள் அந்தப் பெண்.

நான் சிடுசிடுத்தே கழித்த அறைகளில் இத்தனை வெளிச்சமா! உன் கண்ணே கண்.

"வீடு விக்கிறதா இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். திட்டவாவது ஒருமுறை வா.

இன்னமும்
உன் கணவன்