பெட்டியின் அடிப்பலகை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் 'வக்கீல்' என்று கூப்பிடும் உங்கள் மகள் எழுதுவது. நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். நாங்கள் மூவரும் நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் நடுவிலேயே "சரி சரி, அம்மாகிட்ட குடு" என்பீர்கள். கடிதத்தில் அது நடக்காது. இதை உட்கார்ந்து படியுங்கள். உங்கள் கருவிப் பெட்டி பக்கத்திலேயே இருக்கட்டும். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கடைசிப் பக்கத்துக்குத் தாவக் கூடாது!

போன ஞாயிறு காலை என் மேசை இழுப்பறையின் அடி பெயர்ந்து விழுந்துவிட்டது. குற்றம் என்னுடையதுதான், இரண்டு தடி அகராதிகளையும் அதற்குள் அடைத்திருந்தேன். அம்மா ஓடிவந்து, "தச்சர் வீட்டு மேசை இருக்கிற லட்சணத்தப் பாரு" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய்விட்டார்.

விழுந்த பலகையைத் திருப்பினேன். கீழ்ப்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கிழிந்த ஓரத்தில் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. வரைந்த கட்டைவிரல்! நகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பிளவு. அப்படி ஒரு நகம் உலகத்தில் ஒருவருக்குத்தான் இருக்கிறது, உங்களுக்கு. மீதித் தாளையும் உரித்தேன். இரண்டு கைகள், ஒன்றில் உளி. சட்டை மடிப்பில் மரத்தூள்கூட இருக்கிறது. சட்டையின் மேல் பட்டனோடு படம் அறுபட்டிருக்கிறது. முகம் இல்லை.

அத்தை துவைத்த துணியோடு அந்தப் பக்கம் வந்தார். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. "இங்கதான் இருந்துச்சா" என்றார்.

அப்பா, அத்தை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவதும், வந்ததும் பின் அறையில் ஏதோ கிறுக்குவதும் நமக்குத் தெரியும். என்ன கிறுக்குகிறார் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? கடைக்குச் சரக்கு வரும் பெட்டிகளின் மெல்லிய பலகையில் வரைகிறார். முடிந்ததும் தூசி படாமல் பழுப்புத் தாளை ஒட்டி, சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிடுகிறார். நாம் பார்த்ததெல்லாம் பலகைகளின் முதுகைத்தான்.

அன்று நான் கெஞ்சிக் கூத்தாடியதில் இருபத்துமூன்று படங்களையும் பிரித்தார். எல்லாம் முகங்கள், எல்லாம் கடைக்கு வந்தவர்கள். ஒருவர்கூடக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம் மட்டும் இருக்கிறது. "கழட்டின உடனே எதிர்ல ஒண்ணும் தெரியாதில்ல, அப்ப யாரும் முகத்தை விறைப்பா வச்சுக்க மாட்டாங்க. அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்து வச்சுப்பேன்" என்றார். எங்கள் தலைமையாசிரியையும் அதில் இருக்கிறார்! திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி விழிக்கிறார். இனிமேல் அவரைப் பார்த்து எப்படிப் பயப்படுவேன்?

ஒரு மனிதர் மட்டும் மூன்று படங்களில் வருகிறார், ஒன்றைவிட ஒன்றில் வயது கூடி. யார் என்று கேட்டேன். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணாடி மாத்த வருவாரு" என்று சொல்லி, அவற்றை மட்டும் அத்தை உடனே திருப்பிவைத்தார். மேலே கேட்காதே என்று அம்மா கண்ணைக் காட்டினார். நான் கேட்கவில்லை. (இன்னும் கேட்க ஆசையாக இருக்கிறது.)

மறுநாள் எங்கள் ஓவிய ஆசிரியையை இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். ஒவ்வொரு படமாகப் பார்த்தவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா வைத்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. "எத்தனை வருஷமா இதையெல்லாம் சுவத்துக்குக் காட்டிட்டிருக்கீங்க?" என்று கேட்டார். நூலகத்தின் மாடிக்கூடத்தை அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்குக் கேட்டு வாங்கிவிட்டார்! அத்தையின் படங்கள், நாலு சுவர் முழுக்க!

ஆனால் அத்தை ஒரே பிடியாக நிற்கிறார். "உளி பிடிச்ச படம் நடுவுல இருக்கணும், முழுசா இருக்கணும். இல்லேன்னா ஒண்ணும் மாட்ட வேணாம்" என்கிறார். ஆசிரியை கெஞ்சினார். அம்மாவும், "கை மட்டும் போதாதா அண்ணி?" என்று கேட்டுப் பார்த்தார். "முகத்துக்காகத்தான் அதை வரைஞ்சேன்" என்று சொல்லிவிட்டு அத்தை கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நீங்கள் வேலைக்காக வெளியூர் புறப்பட்ட வாரம் நினைவிருக்கிறதா? மூலையில் இருந்த ஒரு பலகையை எடுத்து அறுத்தீர்கள். அத்தை வந்து கேட்டதற்கு, "வெறும் பலகைதானே அக்கா, நூறு வாங்கித் தரேன்" என்றீர்கள். அதோடு பேச்சு நின்றது. நாலு வருஷம். ஒரு பலகைக்காகவா இத்தனை கோபம் என்று நீங்கள் அம்மாவுக்கு எழுதியதை நானும் படித்திருக்கிறேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அத்தையைக் கேட்டேன். "கிளம்புற நேரத்துல சொல்லி, அழுதுகிட்டே பஸ் ஏத்தணுமா?" என்றார். இன்னொன்று. உங்கள் கடிதத்தை அம்மா சத்தமாகப் படிக்கும்போது அத்தை தூரிகை கழுவிக்கொண்டிருப்பார். படித்து முடிக்கும்வரை குழாயை மூடிவைத்திருப்பார்.

இப்போது துப்பறிந்த கதை. என் பலகையின் வெறும் பக்கத்தில், அறுத்த ஓரத்தை ஒட்டி உங்கள் பென்சில் எழுத்து: 'மேசை'. எதிர்ப்பக்கம் பார்த்த அம்புக்குறிக்குப் பக்கத்தில், 'பெட்டி'. அந்த வாரம் நீங்கள் செய்த பெட்டி ஒன்றுதான் அப்பா!

கருவிகளை எல்லாம் வெளியே எடுங்கள். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைக் கழற்றுங்கள். அதில் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கும். மெதுவாக உரியுங்கள். அத்தை வரைந்த உங்கள் முகத்தின்மேல்தான் நாலு வருஷமாக இழைப்புளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அதைத் தபாலில் அனுப்பாதீர்கள், வழியில் உடையும். யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், மறந்துவிடுவார்கள். நன்றாக யோசித்துப் பார்த்தேன். பத்திரமான வழி ஒன்றுதான் இருக்கிறது. நீங்களே எடுத்து வாருங்கள். பதினெட்டுக்கு முன்னால்.

தேதியை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்,
உங்கள் வக்கீல்

பின்குறிப்பு: இதை எழுதும்போது அத்தை பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. இப்போதுதான் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஈரத்துணி போட்டுத் தேய்க்க வேணாம்னு தம்பிகிட்ட எழுது" என்றார். தம்பி என்றார், அப்பா! நான் பேனா மூடியைத் தேடுவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்.