இனி யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்

ஹேட்லி க்ராசிங், அலபாமா
1961 அக்டோபர், திங்கட்கிழமை

என் பிரியமான அர்சூலா அக்காவுக்கு உன் தங்கை வெர்லி எழுதுவது.

டெட்ராய்ட்டில் இதற்குள் குளிர் வந்திருக்கும். கம்பளிக் கோட்டு வாங்கினாயா, இல்லை இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அந்த மெல்லிய நீலக் கோட்டோடுதான் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறாயா? நான் சொன்னால் நீ எங்கே கேட்கப்போகிறாய். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். ஹோசியாவை மர மில்லில் திரும்ப எடுக்கவில்லை. ஆற்றில் கெளுத்தி பிடித்து விற்கிறார். என் புருஷன் மேல் இப்போது சதா மீன் வாடைதான். கொல்லைப்புறத்துப் பெக்கான் மரம் இந்த வருஷம் கொட்டை கொட்டையாக உதிர்த்துத் தீர்க்கிறது, பொறுக்கத்தான் ஆளில்லை.

சரி, பெரிய செய்திக்கு வருகிறேன். நாம் ஜெயித்துவிட்டோம் அக்கா.

வியாழக்கிழமை ப்யூரிஃபாய் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவருடைய சவப்பெட்டிக் கடையில்தானே நமக்கெல்லாம் டெலிபோன். மான்ட்கமரியிலிருந்து வக்கீல் டேனியல்ஸ் பேசினார். ‘ஜெயிச்சுட்டோம் வெர்லியம்மா, மூணு ஜட்ஜும் ஒண்ணா எழுதியிருக்காங்க’ என்றார். ஷெரீப்பிடம் லைசென்ஸ் வாங்காமல் எந்தச் சங்கமும் கூடக்கூடாது, நோட்டீஸ் கொடுக்கக்கூடாது, சேர்ந்தவர்களின் பெயரை ஒப்படைக்க வேண்டும் என்று நம் டவுன் கவுன்சில் போட்டதே, அந்தச் சட்டம் செல்லாதாம். பேசுவதற்கும் கூடுவதற்கும் யாரிடமும் கைகட்டி அனுமதி கேட்க வேண்டாம், அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் அதற்குத்தான் இருக்கிறது, யாரோடு சேர்ந்திருக்கிறாய் என்று கேட்கவே டவுனுக்கு உரிமை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். நான் மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ப்யூரிஃபாய் ஒரு புதுப்பெட்டியின் மேல் உட்கார்ந்து விசும்பி அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘நல்லா எழுதியிருக்காங்க. ஆனா கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதே தாயி, என் கடை லைசென்ஸை டவுன் ஹாலுலதான் புதுப்பிக்கணும்’ என்றார்.

போன கடிதத்தில் ‘எல்லாம் என்னால்தான்’ என்று எழுதியிருந்தாய். வாயை மூடு அக்கா. சர்ச்சுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் நாம் என்ன செய்வோம்? எழுப்பி நிறுத்தி, பெயர் கேட்டு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு, பிறகு நாமும் ஒவ்வொருவராக எழுந்து நம் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் சொல்லிக் கைகுலுக்குவோம். நம் ஜனங்களை ஓட்டுப் போடப் பதிய வைக்க நாம் ஆரம்பித்த வோட்டர் சங்கமும் சர்ச்சிலேயே கூடியதால் அங்கேயும் அதே பழக்கம். மொபீல் ஊர்ச் சர்ச்சின் டீக்கன் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தேன்வாயன் வந்து உட்கார்ந்தபோதும் அதைத்தான் செய்தோம். ‘எந்திரிச்சு ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க, விருந்தாளி காத்திருக்காருல்ல’ என்று நீ சொன்னாய். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லியிருப்பேன். அவன் தட்டில் இரண்டாம் தரம் வறுத்த கோழி வைத்தவள் நான்தானே! ஜெயிலில் போடுவேன் என்று மிரட்டியும் ஷெரீப்புக்கு நாம் கொடுக்காத பெயர்களை, அவர் அனுப்பிய ஒற்றனுக்குக் கோழியோடு சேர்த்துக் கொடுத்தோம். அடுத்த வாரமே உனக்கு டீச்சர் வேலை போயிற்று, ஹோசியாவுக்கு மில் போயிற்று, நம் சங்கத்து லவ்வியைக் குடியிருந்த வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். நம் கறுப்புத் தோலோடு வந்தவனை நம்பினோம், அவ்வளவுதான்.

தீர்ப்பு வந்த தைரியத்தில் நேற்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம்தான். லவ்வி என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம், ‘கோர்ட்டு டவுனுக்குச் சொல்லிடுச்சு சரி, எம் புருஷனோட முதலாளிக்கு யாருடி சொல்றது?’ என்று கேட்டாள். போதகர் சர்ச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தனக்கு முதுகுவலி என்றார். முதுகெலும்பு இருந்தால்தானே வலிக்கும்! ஹோசியா கொண்டுவந்து விட்டார், ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை. ‘நீ உள்ள போ, நான் ரோட்டைப் பாத்துக்கறேன்’ என்று என்ஜினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் திட்டவில்லை.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். கோழியையும் சோள ரொட்டியையும் மேஜையில் எடுத்து வைத்தேன். எல்லாம் ஆறிப்போயிற்று. இனி யார் வரப்போகிறார்கள் என்று எழுந்தபோது கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண், தோளில் குழந்தை. முன்பின் பார்த்த முகமில்லை. ‘வோட்டர் சங்கம் இங்கதானே கூடுது? ரேடியோல தீர்ப்பு சொன்னாங்க. நானும் சேரணும்’ என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். நான் பெயர் கேட்பேன் என்று காத்து நின்றாள். நம் ஜனங்களுக்குத் தெரியாதா, வாசலில் நின்றால் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள் என்று. எனக்கோ அந்த டீக்கனின் சிரிப்புதான் கண் முன்னால் வந்து நின்றது. மூலையில் கிடந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தேன். ‘இங்க சங்கமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, நான் சர்ச்சைக் கூட்ட வந்தவ’ என்றேன். அவள் நாற்காலிகளைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், துடைப்பத்தைப் பார்த்தாள். குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, நான் கேட்காமலேயே, ‘எம் பேரு டெல்லா ரூத் கிம்ப்ரோ. பைன் ரிட்ஜ்ல இருக்கேன். சின்ன வயசுல அர்சூலா டீச்சர்தான் எனக்கு எழுதப் படிக்கக் கத்துக்குடுத்தாங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஒரு துண்டு ரொட்டிகூட நான் கொடுக்கவில்லை. அவள் நடந்து போவதை ஹோசியாவும் வண்டியிலிருந்து பார்த்திருக்கிறார். யார் என்று என்னை அவரும் கேட்கவில்லை.

டவுன் மேல்முறையீடு செய்யப்போவதில்லையாம். அதுவும் நல்ல செய்திதான் என்கிறார் வக்கீல். எதற்காகச் செய்யப்போகிறார்கள் அக்கா? அவர்களுக்கு இனிமேல் எந்தச் சட்டமும் வேண்டாம்.

உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடமாட்டேன். அங்கேயாவது நிம்மதியாக இரு, கர்த்தர் உன்னைக் குளிரிலும் காய்ச்சலிலும் காப்பாற்றட்டும். எனக்கு ஒரே ஒரு உதவி செய். நீ முதன்முதலில் வேலை பார்த்தது பைன் ரிட்ஜ் பள்ளிக்கூடத்தில்தான் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் டெல்லா ரூத் என்று ஒரு பிள்ளைக்கு நீ பாடம் சொன்னதே இல்லை என்று எழுது. அவளும் அவர்கள் அனுப்பிய ஆள்தான் என்று எழுது. அந்தப் பிள்ளையை உனக்கு நன்றாக ஞாபகம் இருந்தாலும் அப்படியே எழுது அக்கா.

உன் கடிதத்துக்கு வழி பார்த்திருக்கும்,
வெர்லி