சரசு கேட்ட கேள்விகள்

நவம்பர் 7, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. காலைப் பெரட்டில் பேர் கொடுக்க ஆட்கள் பிந்தித்தான் வந்தார்கள். ஃபாக்டரியில் கொழுந்து நிறுத்து முடிய ஆறு மணி. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வேலைக்கு எனக்கு இங்கிலீஷ் டெஸ்ட், வரும் திங்கட்கிழமை. சரசு காய்ச்சலோடு படுத்தபடியே புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். எட்டாவது படித்தவள். என் மனைவிக்கு என்னைவிட இங்கிலீஷ் சுத்தம்.

டால், டாலர், டாலஸ்ட். சரி.
குட், குட்டர்...

"குட்டரா? பெட்டருங்க. பெட்டர், பெஸ்ட். பேடுக்கு?"

"வர்ஸ், வர்ஸ்ட்."

"கெட்டது மட்டும் மறக்கல பாருங்க."

சிரித்தாள். கண் மஞ்சளாக இருக்கிறதோ? நாளை தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து ஐயாவிடம் காட்ட வேண்டும்.

நவ. 9, வியாழன்
பசறையில் பஸ் மாறி பதுளை ஆஸ்பத்திரி. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மஞ்சள் காமாலை, முற்றிவிட்டதாம். மகள் ராணி மாமியாரிடம். வாங்க வேண்டியது: பிளாஸ்க், சோப்பு, தோடம்பழம். கிளம்பும்போது சரசு, "படிக்காம இருந்துறாதீங்க."

நவ. 11, சனி
டாக்டர் என் எதிரிலேயே நர்ஸிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார். நேற்றைவிட வர்ஸ் என்றார். புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"பெட்டர்னாரு."

என் முகத்தையே பார்த்தாள்.

"எதைவிட பெட்டர்?"

தோடம்பழம் உரித்தேன். ஒரு சுளைகூட இறங்கவில்லை அவளுக்கு.

"நாளைக்கு ராணியத் தூக்கிட்டு வாங்க. பச்சைக் கவுன் போட்டு."

நவ. 12, ஞாயிறு
கவுன் காயவில்லை, வேறு போட்டோம். பஸ்ஸில் ராணி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மூன்று வயதுப் பிள்ளை. மஞ்சளாய் வற்றிக் கிடந்த அம்மாவை அடையாளம் தெரியவில்லை. என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சரசு கையை நீட்டியபடியே இருந்தாள். கடைசியில் பிள்ளையின் பாதத்தை மட்டும் தொட்டாள்.

"வளந்திருச்சுங்க."

மூன்று நாள்தான் ஆகிறது.

நவ. 14, செவ்வாய்
நேற்று மத்தியானம் சரசு போய்விட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தோட்டத்து லாரியில் கொண்டுவந்தோம். இன்று அடக்கம். தூறல். மலையில் கொழுந்து எடுத்தவர்கள் கூடையோடு இறங்கி வந்து நின்றார்கள்.

நவ. 16, வியாழன்
வெயில். பெரிய கிளாக்கர் ஐயா லயத்து வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"டெஸ்ட்ட அடுத்த மாசம் வச்சுக்குவமா? தொரைகிட்ட சொல்லிட்டேன்."

யெஸ் சார் என்றேன். அதற்குமேல் இங்கிலீஷ் வரவில்லை. தமிழும்.